அம்மாவின் டொராண்டோ பயணம்: இறுக்கமான சாக்ஸ் போட்டால் காலில் ரத்தக்கட்டு வராதா?

சிறுவாணிக்கரை (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. டொராண்டோவில் இருக்கும் தங்கைக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். கோவையிலிருந்து சென்னை, அங்கிருந்து பிராங்பர்ட், பிறகு டொராண்டோ என்று டிக்கெட் போட்டாகிவிட்டது. சென்னை முதல் பிராங்பர்ட் வரை மட்டும் சுமார் 10 மணி நேரம். அடுத்தது எட்டரை மணி நேரம்.

அம்மாவுக்கு இடது காலில் ரொம்ப வருடமாக நரம்புச் சுருட்டல் இருக்கிறது. 12 வருடமாகச் சர்க்கரை. எடையும் கொஞ்சம் அதிகம். போன வருடம் அமெரிக்கா போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா, "கம்ப்ரஷன் சாக்ஸ் இல்லாமல் ஏற்றிவிடாதே, ரத்தம் கட்டிக்கொள்ளும்" என்று சொன்னார். நேற்று மருந்துக்கடைக்குப் போனேன். அம்மாவின் காலைப் பார்க்காமலே "மீடியம் எடுத்துக்கோங்க, எல்லாருக்கும் சரியா இருக்கும்" என்று ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். தொடை வரை வரும் வகை, 1,450 ரூபாய். வீட்டில் மாட்டுவதற்கே 20 நிமிடம் ஆனது. ஒரு மணி நேரத்தில் தொடைப் பக்கம் சுருண்டு, கயிறு கட்டிய மாதிரித் தடம் பதிந்துவிட்டது. அம்மா வலியில் கழற்றிப் போட்டுவிட்டார்.

இது உண்மையிலேயே ரத்தக்கட்டைத் தடுக்குமா? சர்க்கரை உள்ள காலுக்குப் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு (திங்கள், இரவு 10.05)

நான் நாலு முறை சிகாகோ போய் வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட எதுவும் போட்டதில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், ஏறும் முன்பு ஒரு ஆஸ்பிரின் கொடுங்கள், போதும்.

ராத்திரி டியூட்டி (திங்கள், இரவு 11.20)

சிறுவாணி, முதலில் அந்தத் தொடை நீள சாக்ஸை எடுத்து வையுங்கள், அம்மாவுக்கு மறுபடி மாட்ட வேண்டாம். நான் எலும்பு வார்டில் 22 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். சுருண்டு தடம் பதிந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

இந்த சாக்ஸ் கணுக்காலில் அதிகமாக இறுக்கி, மேலே போகப் போகக் குறைவாக இறுக்க வேண்டும். ரத்தத்தைக் கீழிருந்து மேலே அனுப்ப உதவுவது இந்த ஏற்றத்தாழ்வுதான். மேல் விளிம்பு சுருண்டால் அங்கே துணி இரண்டு மூன்று மடங்காகி, கணுக்காலை விடத் தொடையில்தான் அதிகம் இறுக்கும். மேலே போக வேண்டிய ரத்தத்தை அதுவே மறித்துவிடும். எதற்காகப் போட்டோமோ அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். நீளம் அதிகமாக இருக்கிறது என்று மடித்து விட்டாலும் இதே கதைதான்.

விமானப் பயணத்துக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் வகை போதும். 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை என்று நெஞ்சக மருத்துவர்களின் வழிகாட்டு நெறி சொல்கிறது, அதுவும் ஆபத்து அதிகம் உள்ள பயணிகளுக்கு. முதல் தடவை போடுகிற வயதானவர்களுக்கு 15-20 என்று பெட்டியில் போட்டிருப்பதே நல்லது. ஏற்றவும் சுலபம், தாங்கவும் தாங்குவார்கள்.

அளவு எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்பு, தையல் டேப்பால் எடுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே கால் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே ஒரு சுற்று. கெண்டைக்கால் எங்கே தடித்திருக்கிறதோ அங்கே ஒரு சுற்று. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே வரை நீளம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள், சுருட்டல் உள்ள கால் கட்டாயம் வேறு அளவு வரும். இந்த எண்களைப் பெட்டியின் பின்னால் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். டேப் எடுக்காமல் விற்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை 12 வருடம் என்கிறீர்கள். பாதத்துக்கு ரத்தம் போய்ச் சேர்கிறதா என்று டாக்டர் பார்க்காமல் எந்த சாக்ஸும் வேண்டாம். பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்ட காலில் இதைப் போட்டால், இருக்கிற கொஞ்ச ரத்தமும் பாதத்துக்கு இறங்காமல் போய்விடும். சாக்ஸுக்குள் குதிகால் கறுத்துப் புண்ணான காலை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரையால் உணர்ச்சி மரத்திருந்ததால் அந்தப் பெரியவருக்கு வலியே தெரியவில்லை. நாங்கள் கழற்றிப் பார்த்த அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும்.

மேட்டுத்தெரு அண்ணா, பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் போடுவதை அதே வழிகாட்டு நெறி பரிந்துரைக்கவில்லை. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அதுவே ரத்தக்கசிவைக் கொண்டுவரும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

கல்லாறு (செவ்வாய், காலை 7.15)

எனக்கு இந்த சாக்ஸ் மேல் நம்பிக்கை இல்லை. காரணத்தோடு சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தபோது, தொடை வரை வெள்ளை சாக்ஸ் போட்டு வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் அவருக்குக் கெண்டைக்காலில் ரத்தக்கட்டு வந்தது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. பக்கவாதம் வந்து நடக்க முடியாத 2,518 பேரில் பாதிப் பேருக்குத் தொடை நீள சாக்ஸ், மீதிப் பேருக்கு இல்லை. சாக்ஸ் போட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டு, போடாதவர்களில் 10.5 சதவீதம். வித்தியாசம் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. தோல் உரிதல், புண், கொப்புளம் மட்டும் போட்டவர்களுக்கு 5 சதவீதம், போடாதவர்களுக்கு 1 சதவீதம்.

2020இல் பிரிட்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 1,900 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, அதோடு சாக்ஸும் சேர்த்துப் போட்டதால் கூடுதல் பலன் தெரியவில்லை. பிறகு எதற்கு வயதானவர்களை இப்படி வருத்த வேண்டும்?

ராத்திரி டியூட்டி (செவ்வாய், காலை 10.30)

கல்லாறு தம்பி, அப்பாவைப் பற்றிப் படித்தபோது மனது கஷ்டமாக இருந்தது. நீங்கள் சொன்ன இரண்டு ஆய்வும் உண்மைதான். பக்கவாத நோயாளிகளுக்கு இந்த சாக்ஸ் போடும் வழக்கம் அந்த 2009 ஆய்வுக்குப் பிறகுதான் பல இடங்களில் நின்றது. இப்போது அவர்களுக்கு, காற்று நிரம்பி வடிந்து காலை விட்டுவிட்டு அமுக்கும் உறையைப் போடுகிறார்கள். அதே ஆய்வுக் குழு 2013இல் அதைச் சோதித்தபோது ரத்தக்கட்டு 12.1 சதவீதத்திலிருந்து 8.5ஆகக் குறைந்தது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் காலை அசைக்க முடியாதவர்கள். விமானத்தில் போகிறவர் எழுந்து நடக்கக் கூடியவர். இரண்டு நிலைமையையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. விமானப் பயணிகளைப் பற்றித் தனியாக ஆய்வுகள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

பழைய புத்தகக்காரர் (செவ்வாய், மதியம் 1.50)

விமானக் கணக்கை நான் சொல்கிறேன். 2001இல் லண்டனில் ஒரு குழு, 50 வயதைத் தாண்டிய நீண்ட தூரப் பயணிகளை இரண்டாகப் பிரித்தது. சாக்ஸ் போடாத 116 பேரில் 12 பேருக்குக் கெண்டைக்காலில் ரத்தக்கட்டு. சாக்ஸ் போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்தக் கட்டுகள் எதற்கும் வெளியே தெரிகிற அறிகுறி கிடையாது, ஸ்கேனில் மட்டும் தெரிந்தவை. ஆனால் சிறுவாணி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாக்ஸ் போட்டவர்களில் நரம்புச் சுருட்டல் இருந்த நான்கு பேருக்குத் தோலுக்கு அடியில் உள்ள மேல் நரம்பில் அழற்சியும் உறைவும் வந்தது. உங்கள் அம்மாவுக்கும் சுருட்டல் இருப்பதால் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பிறகு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. 2,600 பேருக்கு மேல் கணக்கெடுத்ததில் 50 பேருக்கு அறிகுறி இல்லாத ரத்தக்கட்டு. அதில் சாக்ஸ் போட்டவர்கள் 3 பேர், போடாதவர்கள் 47 பேர். கால் வீக்கமும் நன்றாகக் குறைந்திருக்கிறது. நுரையீரலில் கட்டு போய் அடைத்ததாகவோ இறந்ததாகவோ இரண்டு பக்கமும் யாரும் இல்லை. ஆகவே சாக்ஸ் சாவைத் தடுக்கிறது என்று இதைக் காட்டிச் சொல்ல முடியாது. காலில் கட்டு உருவாவதைக் குறைக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மொத்த ஆபத்து எவ்வளவு என்றும் தெரிந்திருக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் ரத்தக்கட்டு ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்படியும் அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உட்கார்ந்தே இருப்பதுதான் மூல காரணம். 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு வந்து இறந்ததை அப்போதே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நாற்காலியின் முன்கட்டை தொடையின் அடிப்பகுதியை அழுத்தியதைத்தான் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். சிறுவாணி அம்மாவின் தொடையில் பதிந்த தடத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இந்த சாக்ஸ் வந்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டொலீடோ ஊரில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்று ஒரு இயந்திரப் பொறியாளர். அவருக்கே காலில் சிரைப் புண் (ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாயான சிரையில் ரத்தம் தேங்குவதால் வரும் புண்). நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். கழுத்தளவு கிணற்றில் நின்றால் பாதத்தில்தான் அதிக அழுத்தம், மேலே வர வர அது குறையும். அதையே துணியில் கொண்டுவர முடியுமா என்று பார்த்து 1950 வாக்கில் செய்து காட்டினார்.

இரண்டாம் மாடி (செவ்வாய், இரவு 8.10)

நான் எண்கள் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு சிட்னியிலிருந்து திரும்பினேன். வயது 41, நல்ல ஆரோக்கியம். ஜன்னல் சீட். பக்கத்தில் இருவரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பக் கூச்சப்பட்டு ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை. ஊருக்கு வந்த நாலாம் நாள் வலது கெண்டைக்காலில் சதை பிடித்த மாதிரி வலி. அந்தக் கால் மட்டும் லேசாக வீங்கிச் சூடாக இருந்தது. நரம்பு பிசகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். தைலம் தேய்த்து நன்றாக நீவி விட்டார்கள். இரண்டு நாள் நீவினார்கள். மூன்றாம் நாள் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுவிட்டது போல ஆனது. மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தியது. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் இரண்டு பக்கமும் ரத்தக்கட்டு.

காலில் உருவான ரத்தக்கட்டுதான் மேலே போயிருக்கிறது என்றார்கள். நீவியதால்தான் போனதா என்று நான் கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ரத்தக்கட்டு என்று சந்தேகம் உள்ள காலை நீவவே கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டேன். என்னை நீவி விட்டது என் பெரியம்மா. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவார்.

இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் சரி. நீண்ட பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால், சூடாக இருந்தால், தைலத்தை எடுக்காதீர்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ அந்த நிமிடமே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சாக்ஸ் இப்போதும் போடுகிறேன். கால் கனம் குறைகிறது, சாயங்கால வீக்கம் குறைகிறது. எனக்கு அது போதும். மறுபடி ரத்தக்கட்டு வராமல் இருக்க டாக்டர் நம்பியது மாத்திரையைத்தான்.

கல்லாறு (செவ்வாய், இரவு 9.25)

இரண்டாம் மாடி, நீங்கள் பிழைத்து வந்து இதை எழுதியதற்கு நன்றி. பழைய புத்தகக்காரர் சொன்ன விமானக் கணக்கு எனக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். நடமாடக்கூடியவர் பயணத்தில் போடுவது வேறு, படுக்கையில் இருப்பவருக்குப் போட்டுவிட்டு மறந்துவிடுவது வேறு. என் கோபம் இரண்டாவதின் மேல்தான். அப்பாவுக்கு அந்த சாக்ஸைக் கழற்றித் தோலைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

ராத்திரி டியூட்டி (செவ்வாய், இரவு 9.50)

அது தவறுதான் தம்பி. தினமும் கழற்றிக் குதிகாலையும் விரல்களையும் பார்க்க வேண்டும். எங்கள் வார்டில் குளிப்பாட்டும் நேரத்தில் பார்ப்போம். ஆள் பற்றாக்குறையான நாட்களில் விட்டுப் போனதும் உண்டு.

நடைவண்டி (புதன், காலை 6.45)

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த இழையில் இன்னும் யாரும் கெண்டைக்கால் தசையைப் பற்றிப் பேசவில்லை. காலின் ஆழத்தில் இருக்கும் சிரைகளைச் சுற்றி இந்தத் தசை இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் தசை வேலை செய்யாது, ரத்தம் தேங்கும். நரம்புச் சுருட்டல் உள்ளவர்களுக்கு வால்வுகள் சரியாக மூடாது, அதனால் தேக்கம் இன்னும் அதிகம். சாக்ஸ் சிரைகளை வெளியிலிருந்து அணைத்துப் பிடிப்பதால் அவற்றின் அகலம் குறைந்து ரத்தம் வேகமாக ஓடும். தசை அசைந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.

அம்மாவுக்கு ஜன்னல் சீட் வேண்டாம், நடைபாதைப் பக்கம் சீட் வாங்குங்கள். அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, 20 தடவை. வீட்டில் பழைய தையல் மிஷின் பெடலை மிதித்தவர் என்றால் "அதே மாதிரிம்மா" என்று சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து கழிவறை வரை நடந்துவிட்டு வரட்டும். கால் நீட்டும் இடத்தில் பையை வைக்க வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம், பத்து மணி நேரம் அசையாமல் கிடந்துவிடுவார்.

ஸ்கார்பரோ வாசல் (புதன், காலை 8.20)

நான் இங்கே டொராண்டோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணம் சொந்த ஊர். சிறுவாணி, அம்மாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். தங்கச்சியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு ஆபத்து வழக்கத்தை விடப் பல மடங்கு கூட. பிள்ளை பிறந்து ஆறு கிழமை (ஆறு வாரம்) வரைதான் எல்லாவற்றிலும் கூடிய ஆபத்து. எனக்கு இரண்டாவது பிள்ளை சத்திர சிகிச்சையில் பிறந்தபோது ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள், அன்றைக்கே எழுப்பி நடக்க வைத்தார்கள். என் அம்மா "பச்சை உடம்பு, கட்டிலை விட்டு இறங்காதே" என்று தடுத்துக்கொண்டே இருந்தவ. நேர்ஸ்தான் அவவுக்குப் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினா. உங்கள் அம்மா வரும்போது இதையும் சொல்லி அனுப்புங்கோ. பத்தியம் பார்க்கட்டும், ஆனால் பிள்ளை பெற்றவளை நடக்க விடட்டும்.

மேட்டுத்தெரு (புதன், மாலை 5.30)

ஆஸ்பிரின் பற்றி நான் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரும் நடையும் என்று மட்டும் படியுங்கள். எனக்கும் இப்போது 63 ஆகிவிட்டது, அடுத்த தடவை அளவெடுத்து வாங்கப் போகிறேன்.

சிறுவாணிக்கரை (அடுத்த திங்கள், இரவு 8.15)

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை அம்மாவை ரத்தநாள டாக்டரிடம் கூட்டிப் போனேன். பாதத்தில் நாடி பார்த்தார், கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனி சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி இருந்தால் இந்த ஒப்பீடு நன்றாக இருப்பது போலப் பொய்யாகக் காட்டும் என்று சொல்லி, கால் பெருவிரலிலும் அழுத்தம் எடுத்தார். பாதத்துக்கு ரத்தம் நன்றாகவே போகிறது. நூலிழை மாதிரி ஒரு பிளாஸ்டிக் குச்சியால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இரண்டு இடத்தில் அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 12 வருடமாக நாங்கள் கவனிக்காமல் விட்டது அப்போதுதான் புரிந்தது.

டாப்ளர் ஸ்கேனில் ஆழத்துச் சிரைகளில் கட்டு எதுவும் இல்லை. முழங்கால் வரை வரும் 15-20 சாக்ஸ் போடலாம் என்றார். மேல் நரம்பு அழற்சி பற்றிப் பழைய புத்தகக்காரர் எழுதியதைக் கேட்டேன். சுருட்டல் உள்ள நரம்பின் மேல் சாக்ஸின் விளிம்போ மடிப்போ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நரம்பு சிவந்து கயிறு மாதிரித் தடித்தால் உடனே காட்டுங்கள் என்றார். உணர்ச்சி குறைந்திருப்பதால் பயண நேரத்துக்கு மட்டும்தான், தினசரி வேண்டாம். பிராங்பர்ட்டில் இறங்கியதும் கழற்றிப் பாதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஊசியோ மாத்திரையோ அம்மாவுக்குத் தேவையில்லை. முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சமீபத்தில் பெரிய அறுவை சிகிச்சை செய்தவர்கள் என்றால் அதை யோசிப்போம் என்றார்.

அளவு எடுத்ததில் இடது கெண்டைக்கால் வலதை விட இரண்டு சென்டிமீட்டர் அதிகம். வேறு வேறு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். இப்போது ஒரு சந்தேகம்: தங்கை வீட்டுக்குப் போகும் வரை கழற்றிப் போட அம்மாவால் தனியாக முடியுமா? குனிவது சிரமம்.

ராத்திரி டியூட்டி (அடுத்த திங்கள், இரவு 9.05)

முடியும், இங்கே இருக்கும்போதே பழக்கிவிடுங்கள். சாக்ஸின் உள்ளே கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி நழுவாமல் ஏறும். கால் உலர்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் பவுடர் போடலாம். எண்ணெய் வேண்டாம், இழை கெட்டுவிடும். நகம் வெட்டி, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். துவைத்தால் கையால் அலசி நிழலில் காயப்போட வேண்டும்.

பிராங்பர்ட்டில் பாதத்தைப் பார்க்கக் குனிய முடியாவிட்டால் கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் உள்ளங்காலைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் இங்கிருந்தே பார்த்துச் சொல்லலாம்.

சிறுவாணிக்கரை (அடுத்த திங்கள், இரவு 9.30)

சிஸ்டர், போனில் படம் எடுப்பது அம்மாவுக்குத் தெரியும். பேத்தி பிறந்தால் அனுப்ப வேண்டும் என்று அதைத்தான் ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலையில் கையுறை வாங்கி வந்து ஆரம்பிக்கிறோம்.